தொய்வு விட்டுக் கட்டிய வலை

அணிலை விரட்டுவது பெரிய வேலை இல்லை. மொட்டை மாடிக்குத் துணி காயப்போட வருகிற யாராவது "ச்சூ" என்று ஒரு சத்தம் போட்டால் மதிலைத் தாண்டி ஓடிவிடும். என் மனைவியால் அந்தச் சத்தத்தைப் போட முடியாது. தொண்டையில் கட்டி என்று அறுத்ததில் குரல் போய்விட்டது. அவள் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால் காற்று மாதிரி வார்த்தை வரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். எழுந்து நடக்க வேண்டும், இப்படியே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டி அதுவே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். எனக்கு ஆளைத் தேற்றிப் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கோயிலில் பூசைக்குப் போனாலும் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நிற்கிறவன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை நீட்டுவேன். கொஞ்சம் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. நாங்கள் குடியிருப்பது ஒரு கடைக்கார அண்ணாச்சியின் வீட்டு மாடி அறையில். பயந்துபோய் மேலே மொட்டை மாடிக்கு ஓடினேன். அவள் ஓட்டை வாளி ஒன்றில் மண்ணைக் கிளறிக்கொண்டு குத்தவைத்திருந்தாள். அழுகின தக்காளியைப் பிழிந்து விதை போட்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, மண் ஒட்டின கையால் தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினாள்.

மறுநாளிலிருந்து நான் பெட்டி சேர்க்கத் தொடங்கினேன். மீன்பிடித் துறைமுகத்தில் கிழிந்த வலைகளைச் சரிசெய்வது என் தொழில். அங்கே உடைந்த தெர்மாகோல் பெட்டிகள் கேட்பாரற்றுக் கிடக்கும். கழுவி, அடியில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தேன். எங்கள் பக்கத்து மண் உப்பு, செடிக்கு ஆகாது. ஊருக்கு வெளியே புதுக்கோட்டை என்கிற கிராமத்துப் பக்கமிருந்து செம்மண்ணைச் சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றி வந்தேன். தக்காளி, மிளகாய், கத்தரி என்று நாற்றுகள் தலைகாட்டின. அவள் தினமும் காலையில் படி ஏறினாள். பாதியில் ஒருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் ஏறுவாள்.

முதலில் பூனைகள் வந்தன. எவ்வளவு கழுவினாலும் பெட்டியில் மீன் வாடை இருந்தது. வாடை போனதும் அவை வருவதை நிறுத்திவிட்டன. அணில் நிறுத்தவில்லை. அது நாற்றைத் தின்னாது. கழுத்தில் கடித்துத் துண்டாக்கிப் போட்டுவிடும். தின்றாலாவது ஒரு உயிரின் வயிற்றுக்குப் போனது என்று இருக்கலாம். அவள் துண்டான நாற்றை உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்து காட்டுவாள். அன்றைக்குச் சாப்பிட மாட்டாள். பெட்டிகள் எல்லாம் காலியாகிற அன்று இவள் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள் என்பதுதான் என் பயம்.

மண்மேல் மிளகாய்த்தூள் தூவினேன். மத்தியானம் கடல்காற்று எழும்பி அத்தனையையும் வாரி அவள் முகத்தில் அடித்தது. தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு இருமினாள். சத்தமே இல்லாத இருமல், பார்க்க முடியவில்லை. உடைமுள்ளை வெட்டிக்கொண்டுவந்து பெட்டியைச் சுற்றி அடுக்கினேன். அணில் முள்ளுக்கு இடையில் புகுந்து வந்தது. அவள் கைதான் கிழிந்தது. கடைசியில் ஒரு கம்பைக் கொடுத்து, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் தட்டச் சொன்னேன். டம் டம் என்று தெருமுனை வரைக்கும் கேட்கும். அணில் ஓடிவிடும்.

"ஏ தம்பி, மாடில கோயில் கொடையா நடக்கு? கொட்டு நிக்கவே மாட்டேங்கு" என்றாள் அண்ணாச்சியின் மனைவி.

"அணிலு, அக்கா."

"தட்டட்டும், தட்டட்டும். குரலு இல்லாட்டாலும் கையி இருக்கே."

அதை மேலே போய்ச் சொன்னபோது என் மனைவி சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு.

ஆனால் நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து தட்ட முடியுமா? அவள் இறங்கிப் போய்ப் படுத்ததும் அணில் வந்துவிடும். வலை போட்டு மூடிவிடுவோம் என்று எனக்குத் தோன்றியது. வலைக்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? துறைமுகத்தில் கழித்துப் போட்டிருந்த வலைகளில் நல்ல துண்டாகப் பார்த்துச் சுருட்டினேன். தங்கூசி வலை. தலைமுடி மாதிரி மெல்லிய நைலான் நரம்பில் பின்னியது.

"என்னவே, மொட்டமாடில என்ன மீன் படுது?" என்று கூட வேலை பார்ப்பவர் கேட்டார்.

"அணிலு."

"பாடு நல்லா இருந்தா ஏலத்துக்குக் கொண்டாரும்." எல்லாரும் சிரித்தாலும் அவர் சிரிக்கவில்லை. "தங்கூசியவா எடுக்கீரு? அது கண்ணுக்கே தெரியாதே வே."

"தெரியலன்னாத்தான நல்லது. செடிக்கு வெயில் படும்."

மாடியில் நாலு மூலைக்கும் கம்பு நட்டு, பெட்டிகளுக்கு மேலேயும் பக்கவாட்டிலும் வலையைக் கட்டினேன். கைக்குப் பழகின மாதிரி கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டினேன். அவள் பக்கத்தில் நின்று முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நாற்று ஒன்றுகூடத் துண்டாகவில்லை. மிளகாய் பூத்தது. கத்தரி இலை அகலமாக விரிந்தது. கப்பல் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும்போது பறக்கிற கரித்தூள் இலையில் படிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். அடுப்படிக்கும் வரத் தொடங்கினாள். ஒரு காலையில் என் காதருகே வந்து, "கத்தரிக்கா வந்ததும் கருவாடு போட்டுக் கொழம்பு வைப்போம்" என்றாள். அதைக் கேட்டபோது இனி பயமில்லை என்று நினைத்தேன்.

அன்று நான் துறைமுகத்தில் இருந்தேன். சாயந்தரம் வந்தபோது கதவு திறந்து கிடந்தது. அவள் மாடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வலை. வலைக்குள் அணில். செத்து விறைத்துப் போயிருந்தது. நரம்பு அதன் கழுத்தைச் சுற்றி ரோமத்துக்குள் இறங்கியிருந்தது. அவளுடைய விரலில் ரத்தம் காய்ந்திருந்தது. பிரித்துவிடப் போனபோது அணில் கடித்திருக்கிறது. பிரிக்கப் பிரிக்க அது துள்ளியிருக்கிறது. துள்ளத் துள்ள நரம்பு இறுகியிருக்கிறது. கத்தரிக்கோல் கீழே அறையில் இருந்தது. அதை எடுத்துவர அணிலை அப்படியே விட்டுப் போகவும் அவளுக்கு மனம் வரவில்லை. கம்பை எடுத்துத் தொட்டியைத் தட்டியிருக்கிறாள்.

கீழே அண்ணாச்சியின் மனைவி இருந்திருக்கிறாள். "கேட்டுச்சு தம்பி. நல்லாத்தான் கேட்டுச்சு. அணில வெரட்டுதான்னு நெனச்சேன். தினமும் தட்டுததுதான" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

வலையை இழுத்துக் கட்டினால் மீன் முட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடும். தொய்வு இருந்தால்தான் தலை வலைக்கண்ணுக்குள் நுழையும், செவுளில் மாட்டும், பின்னால் வர முடியாது. எங்கள் தொழிலில் இது பால பாடம். சிறு வயதிலிருந்து என் கை அந்தத் தொய்வைத்தான் விட்டுப் பழகியிருக்கிறது. தடுப்பதற்கு என்று நினைத்துக்கொண்டு பிடிப்பதற்குக் கட்டியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசிதான் போட்டார்கள். எது கடித்தது என்று நர்ஸ் அவளிடம் கேட்டார். அவள் வாயைத் திறந்து மூடினாள். நான் சொன்னேன்.

மறுநாள் காலையில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது. தேங்காய் நாரும் துணிநூலும் வைத்த கூட்டில், கண் திறக்காத குஞ்சுகள். நான் அன்று வேலைக்குப் போகவில்லை. அவள் கூட்டோடு அறைக்கு எடுத்துவந்து, திரியைப் பாலில் நனைத்து அவற்றின் வாயில் வைத்துப் பார்த்தாள். ஒன்று கொஞ்சம் உறிஞ்சியது. அன்று முழுதும் அந்தக் கீச்சொலி அறைக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. மெல்ல மெல்லக் குறைந்து, மறுநாள் பொழுது சாய்வதற்குள் நின்றுவிட்டது. அவள் கையைக் கழுவிவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

வலையை அறுத்து எறிந்துவிட்டேன். கோழிக்கூட்டுக்கு அடிக்கிற இரும்புக் கம்பி வலையை வாங்கிவந்து, சட்டம் அடித்து, தொய்வே இல்லாமல் ஒவ்வொரு பெட்டிக்கும் மூடி செய்தேன். இப்போது எதுவும் உள்ளே போக முடியாது. தக்காளி பழுத்துவிட்டது. தண்ணீர் ஊற்றுவதும் இலை துடைப்பதும் நான்தான். கம்பைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன், ஏதும் வேண்டுமென்றால் தட்டுவாள் என்று. அதை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"தட்டுனா யாரு வாரா" என்றாள்.

இருமல் வந்திருக்கிறது. ராத்திரியில் அவள் முதுகு குலுங்குவதைத்தான் பார்க்கிறேன்.

நேற்று ஒரு பெட்டியை மூடியோடு தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். அவள் முகத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு அதன்மேல் வைத்தேன். கத்தரிச் செடி. சின்னக் காய் ஒன்று விட்டிருக்கிறது. அவள் அந்தக் காயைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கையை நீட்டி, கடிபட்ட விரலைக் கம்பி வலையின் கண்ணுக்குள் நுழைத்தாள். நுனிக்கு மேல் போகவில்லை. வெளியே எடுத்தாள். பக்கத்துக் கண்ணில் நுழைத்து எடுத்தாள். அப்படியே வரிசையாக ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துக்கொண்டு போனாள். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.