பெரட்டுக்கு வாங்க!

முதியவர்களைச் சில நாள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று மலேசியாவின் யோங் பெங்கில் இருக்கிறது. அம்மாவை அங்கே விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம் என்று போன இடத்தில்தான் அவரைப் பார்த்தேன். சக்கர நாற்காலி, மை பூசிய மீசை, மடியில் அசையாமல் கிடந்த வலது கை. ஒரு காலத்தில் செம்பனைத் தோட்டத்து மண்டோர். ஆட்களை வேலை வாங்கியவர்.

உடற்பயிற்சி நேரம். பயிற்சி தரும் பெண் எவ்வளவு கெஞ்சியும் யாரும் எழவில்லை. மண்டோர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெரட்டு!" என்று ஒரு குரல் விட்டார். விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் தோட்டத்துக் குரல். அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார்கள். முட்டி மடங்காது என்று என்னிடம் சாதித்த அம்மா முதல் வரிசையில்!

பின்னால் ஒருவர் மட்டும் எழாமல் இழுத்தார்.

"முட்டி வலிக்குதுங்க மண்டோரய்யா."

"அப்ப முட்டிய ரூம்ல விட்டுட்டு நீங்க மட்டும் வாங்க லா."

மறுவாரம் அம்மாவை அழைக்கப் போனபோது, மண்டோரை அழைத்துப் போக அவர் மனைவியும் வந்திருந்தார். கணவரைத் தூக்கித் தூக்கியே அந்த அம்மாளின் மணிக்கட்டில் துணிக்கட்டு. மண்டோர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வரல. நீ இன்னும் ஒரு வாரம் லீவு எடு."

"அலமாக்! ஒருத்தருக்கும் லீவு குடுக்காத மனுசனாச்சே நீங்க!"

"அதான் எல்லாம் அப்படியே மிச்சம் இருக்கு. நீயே எடுத்துக்க."

அந்த மிச்ச லீவில் எனக்கும் ஒரு நாள் கேட்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. மண்டோரிடம் கேட்கப் பயந்து, அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன்.