மாமாவின் வாழ்க்கை வரலாறு, ஆதாரங்களுடன்

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் சமூக அறிவியல் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். நமக்குத் தெரிந்த ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை நான்கு பக்கத்தில் எழுத வேண்டும். தலைவர்கள் கூடாது, நடிகர்கள் கூடாது; நம் வீட்டிலோ தெருவிலோ நடமாடுகிற ஆளாக இருக்க வேண்டும். எழுதுகிற ஒவ்வொரு செய்திக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். யார் சொன்னார், எங்கே சொன்னார், எப்போது சொன்னார் என்று பக்கத்தின் அடியில் குறிப்பு வர வேண்டும். ஆதாரங்களில் ஒன்றாவது குடும்பத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும். நன்றாக எழுதியவர் பெற்றோர் கூட்டத்தில் மேடையேறி வாசிக்கலாம்.

வகுப்பு மொத்தமும் முனகியது. எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. டீச்சர் பலகையில் எழுதிக் காட்டிய மாதிரி வாக்கியத்தின் முடிவில், கணக்குப் பாடத்தில் எக்ஸ் தலைமேல் உட்காரும் எண்ணைப் போல, ஒரு குட்டி எண் இருந்தது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் உண்மை அங்கே உட்கார்ந்திருக்கிறது! இப்படி ஓர் ஏற்பாடு உலகத்தில் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. அன்று மாலையிலிருந்து வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் ஆதாரம் கேட்கத் தொடங்கினேன். மழை வரும்போல இருக்கிறது என்று அப்பா சொன்னால், யார் சொன்னது என்பேன். தக்காளி விலை ஏறிவிட்டது என்று அம்மா சொன்னால், எந்தக் கடையில், எத்தனை மணிக்கு என்பேன். சாப்பிடுவதற்கு மட்டும் வாயைத் திறக்கச் சொல்லி அம்மா ஒரு சட்டம் போட்டாள்.

யாரை எழுதுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா. வெளியூர்க்காரர்களைக் கோயில் கோயிலாகச் சுற்றிக் காட்டும் வேன் ஓட்டுகிறவர். சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், தாமல் ஏரிக் கதையை யாராவது கேட்பார்கள். மாமாவும் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். வாலிப வயதில் தாமலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, மழையில் நிரம்பிக் கிடந்த ஏரியில் ஒரு சிறுமி தவறி விழுந்ததும், அவர் பாய்ந்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கரை சேர்த்ததும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். கட்டுரையை டைப் அடிக்கக் கொடுத்தபோது மாமா பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டருக்கே வந்து, பின்னால் நின்றுகொண்டு, டைப் அடிக்கிற அண்ணனுக்குக் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல ஏரி ஆழமாகிக்கொண்டே போனது. எனக்கு மூன்று பக்கம் கிடைத்தது. கிடைக்காதது குடும்பத்துக்கு வெளியே ஓர் ஆதாரம்.

ஞாயிற்றுக்கிழமையும் அமாவாசையும் சேர்ந்து வந்த ஒரு நாளில், அப்பா நெய்கிற தறிக்கு லீவு என்பதால், அவர் என்னை பைக்கில் தாமலுக்கு அழைத்துப் போனார். ஏரி நிரம்பி, கலங்கல் வழியாகத் தண்ணீர் சத்தத்தோடு வழிந்துகொண்டிருந்தது. டீக்கடையில் விசாரித்தோம்.

“ஏரில விழுந்த பொண்ணா? அது தையல் கடை வெச்சிக்குதுபா, அந்தாண்ட தெருவுல” என்றார் கடைக்காரர்.

தையல் கடை அக்காவுக்கு எங்களைப் பார்த்ததில் அப்படி ஒரு சந்தோஷம். மெஷினை நிறுத்திவிட்டு, இருந்த ஒரே நாற்காலியை அப்பாவுக்குப் போட்டார். நான் அப்பாவின் போனில் பதிவு பட்டனை அழுத்தி, என் மாமாதான் அவரைக் காப்பாற்றியவர் என்று பெருமையாக அறிமுகம் செய்துகொண்டேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “மாமாவா? ஆம்பளை இல்லம்மா. ஒரு அக்காதான் குதிச்சாங்க. நான் அவங்க சடைய புடிச்சிக்கினேன். நீளமா, கயிறு மாதிரி. பூவெல்லாம் என் கையோட வந்துடுச்சு. கரையில ஒரு அண்ணன் நின்னுக்கினு, என் தங்கச்சி, என் தங்கச்சின்னு கத்திக்கினே இருந்தாரு.”

மாமாவுக்கு ஒரே ஒரு தங்கை. அந்தத் தங்கையின் சடையை நான் தினமும் பார்க்கிறேன். இன்றைக்கும் இடுப்புக்குக் கீழே தொங்குகிறது.

திரும்பும்போது அப்பா வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். பெங்களூர் சாலையில் லாரிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. ஊர் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தார். “உங்கம்மாவுக்கு நீச்சல் தெரியுமாடி?”

இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவருக்கு ஆதாரம் தேவைப்பட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடமே கேட்டார்.

“ஏன், தெருவுல வெள்ளம் வந்துடுச்சா?” என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமல்.

நான் போனில் இருந்த பதிவை ஓடவிட்டேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். முழுவதும் கேட்டாள். சடை வந்த இடத்தில் அவள் கை தானாகப் பின்னால் போனது. கேட்டு முடித்ததும் சொன்னது ஒன்றுதான். “இதை எழுதாதம்மா. மாமா அத்தனை பேர் முன்னாடி தலை குனியணும். மாமா கதையே இருக்கட்டும்.”

எப்படி இருக்க முடியும்? கையில் ஆதாரம் இருக்கிறது! பொய் என்று தெரிந்த வாக்கியத்தின் தலையில் நான் எப்படி எண் வைப்பேன்? அழுதேன். சாப்பிடவில்லை. அம்மா அசையவில்லை. மறுநாள் பள்ளி விட்டதும் அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் மாமாவைக் கூப்பிட்டேன். தாமலுக்குப் போய் வந்தேன் என்று மட்டும்தான் சொன்னேன். சற்று நேரத்தில் வேன் எங்கள் தெருமுனையில் வந்து நின்றது.

மாமா உள்ளே வந்து, பாதி அச்சான என் கட்டுரையை வாங்கிப் பார்த்தார். சத்தமே இல்லாத மாமாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“இந்தக் குட்டி நம்பர் எதுக்குமா?”

“யார் சொன்னதுன்னு கீழ எழுதறதுக்கு, மாமா.”

“அப்ப என்னையும் கீழ போடு. நாலாம் நம்பர். கரையில நின்னுக்கினு இருந்தவன்னு போடு.”

அம்மா குறுக்கே வந்தாள். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். வாலாஜாபாத்தில் அவர்கள் வயல் கிணற்றில் அம்மா மீன்போல நீந்துவாள் என்றும், காதில் சீழ் வரும் என்று அவரை மட்டும் தண்ணீரில் இறங்க விட்டதில்லை என்றும் சொன்னார். அந்தக் கல்யாணத்தில்தான் அம்மாவுக்கு ஒரு வரன் பேச்சு நடந்துகொண்டிருந்ததாம். வயசுப் பெண் ஊர் பார்க்க ஏரியில் குதித்து ஈரத்தோடு ஏறி வந்தாள் என்றால் பேச்சு நின்றுவிடும் என்று பெரியவர்கள் பயந்து, குதித்தது இவன்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

“அன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் சொல்லச் சொன்னாங்க. அப்புறம் எல்லாரும் கேட்டுக்கினே இருந்தாங்க. நானும் சொல்லிக்கினே இருந்தேன். கடைசில எனக்கே தண்ணில இறங்கின ஞாபகம் வந்துடுச்சு” என்றார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, உள்ளே போய் அவருக்குக் காபி போட்டாள்.

நானும் மாமாவும் பிரவுசிங் சென்டருக்குப் பறந்தோம். மறுநாள் கட்டுரை கொடுக்க வேண்டும். கடை அண்ணன், எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்கத் தேவையில்லை, ‘மாமா’ இருக்கிற இடமெல்லாம் ‘அம்மா’ என்று ஒரே தட்டில் மாற்றிவிடலாம் என்றான். மாற்றினான். அச்சாகி வந்த முதல் பக்கத்தில், ‘என் அம்மா முறுக்கிய மீசையோடு வேன் ஓட்டுவார்’ என்று இருந்தது. மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு வரிவரியாக உட்கார்ந்து திருத்தினோம். ஓரம் ஓர் அங்குலம், தலைப்பு நடுவில், அடிக்குறிப்பின் எழுத்து சிறியதாக. மாமாதான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணும் ஒழுங்காக மேலே உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தார்.

என் கட்டுரை தேர்வானது. பெற்றோர் கூட்டத்துக்கு மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து முதல் வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அடிக்குறிப்புகளையும் விடாமல் வாசித்தேன். “நான்கு. நேர்காணல், என் தாய்மாமா, கரையில் நின்று பார்த்தவர்” என்றதும், வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல மாமா கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு எழுந்த கைதட்டலில் மைக் கீச்சிட்டது. அம்மா தலையைக் குனிந்து முந்தானை நூலைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்பா மேடையையே பார்க்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்போல அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டுரை கைக்குத் திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘எல்லாரும் பேசியிருக்கிறார்கள். அம்மாவிடம் கேட்டாயா?’

அந்தக் குறையை அன்றே தீர்த்துவிட நினைத்தேன். அம்மா வாசல் அறையில் ராட்டையின் முன் உட்கார்ந்து அப்பாவின் தறியில் ஓடும் நாடாவுக்கான நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பேனாவோடு எதிரே உட்கார்ந்து, ஏரியில் குதித்தபோது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“தண்ணி ஜில்லுனு இருந்துது” என்றாள். எழுதிக்கொண்டேன். குறிப்புக்கு அது போதும்.

ராட்டை நின்றது. “இப்ப ஏரி ரொம்பிக்குதா?” என்று கேட்டாள்.

நிரம்பியிருக்கிறது என்றேன்.

“கலங்கல் கிட்ட படித்துறை ஒண்ணு இருக்கும். அது அப்படியே இருக்குதா?”

கவனிக்கவில்லை என்றேன்.

“பொம்பளைங்க யாராவது இறங்கிக் குளிக்கிறாங்களா?”

எனக்குப் பொறுமை போய்விட்டது. கேள்வி கேட்க வந்தவள் நான். அம்மா எதற்காக என்னைப் பேட்டி எடுக்கிறாள் என்று விளங்கவில்லை. “தெரியலம்மா” என்று சொல்லிவிட்டு, ஐந்தாம் எண்ணுக்கு நேரே, நேர்காணல் நடந்த இடம் எங்கள் வீடு என்று கோணாமல் அழகாக எழுதி முடித்தேன்.