பிடிப்புக்குக் காத்திருந்த மாதம்

என் வலது தோள்பட்டைக்குக் கீழே வந்து பிடித்துக்கொள்ளும் அந்தப் பிடிப்புக்கு இன்றுவரை யாரும் ஒரு பெயர் சொல்லவில்லை. முதன்முதலாக வந்தது தொண்ணூறுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமான மறு வருஷம். சீப்பை எடுக்கக் கையைத் தூக்கினேன். முதுகுச் சதை சுருண்டு, விலாவைச் சுற்றிக்கொண்டு நெஞ்சுவரை இழுத்தது. பாதி மூச்சுதான் விட முடிந்தது. பத்து நிமிஷம் அப்படியே நின்றேன். பிறகு தானாகவே விட்டுவிட்டது.

அடுத்து நான்கு நாளில் வந்தது. அப்புறம் பதினைந்து நாள் எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரே நாளில் இரண்டு தடவை. எப்போது வரும் என்று தெரியாததால் குடத்தைத் தூக்கினாலும் யோசனை, கொடியில் துணி போட்டாலும் யோசனை. அந்த யோசனையிலேயே பாதி உயிர் போனது.

காளவாசலில் ஒரு டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார். நார்மல். எக்ஸ்ரே நார்மல். ரத்தமும் நார்மல். அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு தடவையாவது வந்து தொலைத்திருக்கலாம். வராது. படி இறங்கி ரோட்டுக்கு வந்ததும் பிடிக்கும். கடைசியில் அவர் "வாய்வும்மா" என்று சொல்லி உருளைக்கிழங்கை நிறுத்தினார். அத்தோடு விட்டார்களா? அத்தை, அதாவது என் மாமியார், மொச்சையையும் பலாப்பழத்தையும் நிறுத்தினார். எதிர் வீட்டு அக்கா கடலைப் பருப்பை நிறுத்தினார். ஆபீசில் மேனேஜர் டீயை நிறுத்தச் சொன்னார். ஒரு வருஷத்தில் எனக்கென்று மிஞ்சியது ரசமும் சுட்ட அப்பளமும்தான்.

பிறக்கும்போது கால் முன்னே வந்து பிறந்தவர்கள், தங்கள் காலால் நீவினால் பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள். அப்படிப் பிறந்தவர் என்று எங்கள் தெருவிலிருந்த ஒரு பாங்க் அதிகாரியை அத்தை கூட்டிவந்தார். அந்த அம்மாள் சேலையைக் கொஞ்சமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தப்பா நெனச்சுக்காதம்மா" என்று என் முதுகில் மூன்று தடவை குதிகாலால் தேய்த்தார். காபி குடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலை பல் தேய்க்கும்போது மறுபடியும் பிடித்தது.

உதவியது என் வீட்டுக்காரரின் கட்டைவிரல் ஒன்றுதான். அவர் சிம்மக்கல்லில் காகித மொத்தக் கடையில் வேலை பார்த்தார். நாள் முழுக்கத் தாள் எண்ணி எண்ணிக் காய்த்துப்போன விரல். பிடித்துக்கொண்டதும் அவர் பேசாமல் என் பின்னால் வந்து நிற்பார். தோள்பட்டை எலும்புக்குக் கீழே தடவுவார். அங்கே கொட்டைப்பாக்கு போல ஒன்று உருளும். அதன் மேல் விரலை ஊன்றி, அது கரையும்வரை எடுக்க மாட்டார். அந்த இடம் எனக்கே சரியாகத் தெரியாது. கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது. அவருக்குத் தெரியும்.

நான் சமயநல்லூர் பக்கம் ஒரு நூல் மில் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணி, கல்யாணத்துக்கு முன்பே நானாகத் தேடிக்கொண்ட வேலை. ஜன்னல் ஓரமாக ஒரு மேஜை, அதில் எனக்கென்று ஒரு மெஷின். சிம்மக்கல் சந்தில் எங்கள் வீடு இரண்டே அறை. அங்கே என்னுடையது என்று சொல்ல ஓர் அலமாரித் தட்டுகூடக் கிடையாது. அந்த மேஜையை விட்டுவிட எனக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

அத்தையைப் பொறுத்தவரை என் நோயே அந்த வேலைதான். மேனேஜரோ, வீட்டு வேலைதான் காரணம் என்றார். அவரவருக்குப் பிடிக்காததெல்லாம் என் முதுகில் வந்து உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் பிடிக்கிறதே என்று ஒரு தடவை அத்தையிடம் கேட்டேன். "ஆறு நாளு பஸ்ஸு கம்பியில தொங்குன அலுப்பு ஏழாம் நாளு காட்டாதா?" என்றார். பாதி நாள் பிடித்ததையே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்திருந்தபோது வந்துவிட்டது. கையை இறக்கவே முடியவில்லை. மில் ஸ்டாப் வந்தது, போனது. இறங்க வேண்டும் என்று சொல்லக்கூட மூச்சு வரவில்லை. இரண்டு ஸ்டாப் தள்ளி யாரோ இறக்கிவிட்டு ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர் அதே பஸ்ஸில் வந்திருக்கிறார். அவரே ஆட்டோ வைத்து என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

அத்தை அழுதுவிட்டார். "இந்தா பாரு, இம்புட்டு கஷ்டப்பட்டு யாருக்கு சம்பாதிக்கிற? பஸ்ஸுலருந்து விழுந்துருந்தா என்னத்தா ஆகும்? வேலைய விட்ரு" என்றார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன்.

வீட்டுக்காரர்தான் ஒரு வழி சொன்னார். "ஒரு மாசம் லீவு போடட்டும்மா. வீட்ல சும்மா இருக்கையில வரலைன்னா, வேலைதான் காரணம். விட்ரட்டும். வந்துச்சுன்னா, நீங்க அதுக்கப்புறம் வேலையக் கொற சொல்லக் கூடாது."

நானும் சரி என்றேன். மாதத்தில் ஆறேழு தடவை வருவது வீட்டில் மட்டும் வராமலா இருக்கும் என்று நினைத்தேன். சம்பளமில்லாத லீவு கொடுத்த மேனேஜர், என் மெஷினில் வேறொரு பெண்ணைத் தற்காலிகமாக உட்கார வைத்தார்.

முதல் வாரம் வரவில்லை. இரண்டாம் வாரமும் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அதற்காகக் காத்திருந்தேன். இரண்டு கையிலும் வாளியைத் தூக்கி மாடி ஏறினேன். ஈரத் தரையில் ஃபேனுக்கு நேராகப் படுத்தேன். அத்தை கோயிலுக்குப் போன நேரத்தில் உருளைக்கிழங்கை வறுத்து ஒரு தட்டு நிறையத் தின்றேன். ஒன்றும் ஆகவில்லை. உருளைக்கிழங்கு ருசியாக இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் வாரம் அத்தை என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "மொகம் எம்புட்டு தெளிஞ்சு போச்சு பாரு" என்றார். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். எனக்கும் உடம்பு லேசாகத்தான் இருந்தது. அத்தை சொன்னதுதான் சரியோ என்று நானே நினைக்க ஆரம்பித்தேன். அப்படி நினைத்த அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அந்தப் பெண் என் நாற்காலியில் உட்கார்ந்து என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதே நினைப்பாக இருந்தது.

லீவு முடிய ஒரு நாள்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தை முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்றாலும் பொய். கொடியைப் பிடித்துக்கொண்டு, உடம்பை வளைத்து, "ஏங்க!" என்று கத்தினேன்.

பேப்பர் கீழே விழுந்த சத்தம் கேட்டது. பின்னால் வந்து நின்றார். கட்டைவிரல் எலும்புக்குக் கீழே இறங்கியது. தடவியது. இன்னும் கொஞ்சம் கீழே தடவியது. பிறகு நின்றுவிட்டது.

அங்கே பாக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. சதை மெத்தென்று இருந்தது. அது எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாமல் இருக்குமா? வெட்கத்தில் என் காது சுட்டது. திரும்பி அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அத்தை கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"என்னய்யா, வந்துருச்சா?"

அவர் விரலை அழுத்தி ஊன்றினார்.

"வந்துருச்சும்மா. கல்லு மாதிரி இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை அதை வலி என்று நினைத்தார். "அய்யோ, அப்ப வேலையால இல்லையா? நான்தான் சும்மா ஒன்னய ஒரு மாசம் வீட்டுல ஒக்கார வச்சுட்டனா?" என்று தலையில் அடித்துக்கொண்டு, ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வைக்க உள்ளே ஓடினார். அதைக் கேட்டபோது என் அழுகை இன்னும் அதிகமானது.

அவர் விரலை எடுக்கவில்லை. நிஜமாகப் பிடிக்கும்போது எவ்வளவு நேரம் ஊன்றி நிற்பாரோ, அவ்வளவு நேரம் நின்றார். உள்ளே அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டதும் மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு எத்தன மணி பஸ்ஸு?"

"எட்டேகால்" என்றேன்.