ஆக்சிலேட்டருக்கு ஒரு பெட்டி

காரை சர்வீஸுக்கு விட்டிருந்த ஒரு மழை நாளில், தாம்பரம் ரயில் நிலையத்தின் மேம்பாலப் படியில் வழுக்கி விழுந்தேன். வலது கணுக்கால் மூன்று இடத்தில் முறிந்தது. அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்தார்கள். ஏழு மாதத்தில் நன்றாகவே நடந்தேன். ஆனால் கணுக்கால் மட்டும் பழையபடி மடங்கவில்லை. பாதத்தைக் கொஞ்சம் கீழே அழுத்தினால் கதவு தாழ்ப்பாளில் இடிப்பது போல் ஓர் இடத்தில் நின்றுவிடும். இனி அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் எனக்கு வேலை. வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில். அந்தக் காரை வாங்கியதே நான் ஓட்டிப் போவதற்காகத்தான். இப்போது தினமும் காலையில் கணவர் என்னைக் கல்லூரியில் இறக்கிவிட்டு, திரும்பத் தாம்பரம் வந்து, காரை நிறுத்திவிட்டு, கிண்டிக்கு ரயில் பிடித்தார். சாயங்காலமும் அப்படியே. இரண்டு மாதம் ஒரு நாள்கூட அவர் முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிரேக் அழுத்த பலம் போதும், மெதுவாக ஓட்டிப் பாருங்கள் என்று டாக்டரே சொன்ன பிறகு முயன்று பார்த்தேன். பிரேக்கை முழுக்காலாலும் மிதிக்கலாம், தொடையே பார்த்துக்கொள்ளும். ஆக்சிலேட்டர் அப்படியில்லை, அது கணுக்காலின் வேலை. பழைய கார்களில் மிதித்தால் ஒரு கேபிள் நேராக எஞ்சினை இழுக்கும். எங்கள் காரில் கேபிளே கிடையாது. பெடல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒரு மின்கம்பி சேதி சொல்லும். மீதியைக் காரின் கம்ப்யூட்டர் முடிவுசெய்யும். அந்தக் கம்ப்யூட்டர் படு நிதானம். பாதி மிதிக்கும்வரை சோம்பலாகவே கேட்டுக்கொள்ளும். என் பாதமோ பாதிக்கு மேல் போகாது. குதிகாலைத் தூக்கி, தொடையால் அழுத்தினால் எஞ்சின் அலறும். வேளச்சேரி சாலையில் இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஓரமாக நிறுத்திவிட்டு, இடம் மாறி உட்காரச் சொல்லிக் கணவரிடம் சாவியைக் கொடுத்தேன்.

கல்லூரியில் மெக்கானிக்கல் துறை விரிவுரையாளர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு ஒரு சின்னப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். கார் சீறிப் பாய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் மாட்டுவதாம். பெடலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கால் மிதிப்பதை இன்னும் கூட்டிச் சொல்லும். "உங்க கால் பாதிதானே போகுது மேடம், அதையே முக்காலுன்னு இது சொல்லிடும்" என்றார். இத்தனை மாதமாகக் கேட்ட ஆறுதல்களில் உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான். சிங்கப்பூரிலிருந்து வரவிருந்த தன் தம்பியிடம் சொல்லி ஒன்றை வரவழைத்தும் கொடுத்தார். சோப்பு டப்பா அளவு, இரண்டு பக்கமும் வயர், நடுவில் அளவை மாற்றவும் அணைக்கவும் ஒரு பட்டன்.

ரேஸ் விடுகிறவர்கள் சமாச்சாரம் இது என்று கணவருக்கு மனதில்லை. ஆனாலும் மேற்குத் தாம்பரத்தில் கார் வயரிங் மட்டுமே பார்க்கும் ஒரு பாயிடம் கூட வந்தார். எங்கள் வயதுதான் அவருக்கு. பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், உடனே மாட்ட மாட்டேன் என்றார். வண்டி இரண்டு நாள் தன்னிடம் இருக்கட்டும், முதலில் இது என்ன செய்கிறது என்று தனக்குத் தெரிய வேண்டும் என்றார். மூன்றாம் நாள் போனபோது, ஒரு நோட்டுப் பக்கம் முழுக்க மீட்டர் வைத்து அளந்த எண்களைக் காட்டினார்.

"இது எஞ்சினுக்கு பலம் குடுக்காது மேடம். உங்க கால் சொல்றத சீக்கிரமா எடுத்துகினு போவும், அவ்ளோதான். கால எடுத்துட்டீங்கன்னா இதுவும் கம்முனு ஆயிடுது. அத நல்லா பாத்துட்டேன்."

அப்போதும் மாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்கு வரச் சொன்னார். பட்டறைகள் மூடிக்கிடக்க, தெருக்கள் காலியாக இருந்தன. என் பக்கத்தில் உட்கார்ந்து, கையை ஹேண்ட் பிரேக் மேல் வைத்துக்கொண்டார். கணவர் பின்சீட்டில். கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போது எதிர்பாராமல் நிறுத்தச் சொல்வார். ஒரு மணி நேரம் அதையே செய்தோம். பிரேக் மேல் நம்பிக்கை வராமல் ஆக்சிலேட்டரைத் தொடப்போவதில்லை என்றார். திருப்தியான பிறகுதான் குனிந்து பெட்டியைச் சொருகினார்.

முதல் கியரில் லேசாகத்தான் மிதித்தேன். கார் ஒரு துள்ளு துள்ளியது. எதிரே ஒரு பட்டறையின் இரும்பு கேட். நான் பிரேக்கை மிதித்ததும் அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்ததும் ஒன்றாக நடந்தன. எஞ்சின் நின்றுபோயிற்று. பின்சீட்டில் கணவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"தப்பு என்னுது" என்றார் பாய். "டப்பா எந்த நம்பர்ல கீதுன்னு பாக்காம உங்கள ஓட்ட சொல்லிட்டேன்."

பெட்டி அதன் உச்ச அளவில் இருந்திருக்கிறது. சாக்குச் சொல்ல எத்தனையோ வழி இருந்தும் அவர் ஒன்றையும் எடுக்கவில்லை. ஆகக் குறைந்த அளவுக்கு மாற்றினார். முதலில் தானே ஓட்டி ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு, பயமாக இருந்தால் இன்றைக்கு வேண்டாம் என்றார். பயமாகத்தான் இருந்தது. இருந்தும் உட்கார்ந்தேன்.

பாதம் இரண்டு விரற்கடைதான் இறங்கியிருக்கும். கார் அலறாமல், குதிக்காமல், நான் கேட்ட அளவுக்கு நகர்ந்தது. இரண்டாம் கியர், மூன்றாம் கியர். குதிகால் தரையிலேயே இருந்தது. அந்தத் தெருவை நாலு சுற்று சுற்றினேன். கணவர் முன்னால் சாய்ந்து, "இன்னொரு ரவுண்ட் போ" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை தனியாகக் கல்லூரிக்குப் போனேன். பெருங்களத்தூர் நெரிசலில் பெட்டியின் குணம் தெரிந்தது. அடிக்கொருதரம் நின்று நகரும் இடத்தில், கால் லேசாக நடுங்கினாலும் கார் முன்னால் உந்தியது. பாயிடம் சொன்னதும், நான் முன்னால் குனியாமலே எட்டும்படி பட்டனை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். நெரிசலில் அணைப்பேன், வண்டலூர் தாண்டியதும் போடுவேன். போட்டுவிட்டு அணைக்க மறந்த ஞாயிறுகளில் கணவர் காரை எடுத்து, வாசலிலேயே எஞ்சின் உறுமத் திடுக்கிட்டு, என்னைத் திட்டிக்கொண்டே பட்டனைத் தேடுவார்.

செமஸ்டர் விடுமுறைக்கு முந்தைய ஒரு மதியம் ஆய்வகம் சீக்கிரம் முடிந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பாமல், வண்டலூரில் கேளம்பாக்கம் சாலைக்குள் திருப்பினேன். அதில் நெரிசல் இல்லை. கோவளம்வரை ஒரே சீராகப் போயிற்று. கடற்கரையை ஒட்டி மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாள், நான் காரிலிருந்து இறங்கி லேசாகச் சாய்ந்து நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தனியாவா ஓட்டிகினு வந்த?"

ஆமாம் என்றேன். எங்கிருந்து என்று கேட்டார், சொன்னேன். சங்கரா மீனை வெட்டிச் சுத்தம்செய்து கொடுத்தபோது கையோடு இரண்டு மீன் கூடுதலாகப் போட்டார்.

இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். கணவர் அப்போதுதான் ரயிலில் வந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். பையை வாங்கிப் பார்த்துவிட்டு, எங்கே வாங்கினாய் என்று கேட்டார். கோவளம் என்றேன். என் முகத்தைப் பார்த்தார். பிறகு குழம்புக்குப் புளி கரைக்கப் போனார்.