கொதித்த ஏரிச் சேற்றோடு தாம்பரம் வரை

பிளாட்டினம் வாங்க வசதியில்லை, சேறு அள்ளப் போனேன். 2006 ஏப்ரல், எம்.எஸ்சி. கடைசி ப்ராஜெக்ட். ஹைட்ரஜன் எடுக்கப் பணக்கார ஆய்வகங்களில் பிளாட்டினம் போடுவார்கள். அதே வேலையை ஹைட்ரஜனேஸ் என்ற நொதி வெறும் இரும்பை வைத்துக்கொண்டே முடிக்கிறது. கிடைக்கும் வாயு எரிந்தால் புகை இல்லை, தண்ணீர்தான் மிச்சம். அந்த நொதியுள்ள பாக்டீரியா ஏரிச் சேற்றில் இலவசம். ஆனால் காற்று பட்டால் நொதி காலி. என் முதல் பாட்டில் அப்படித்தான் வீணானது. இரண்டாவதும் வீணானால் சோப்புத் தரம் சோதிக்கும் தலைப்புக்கு மாறச் சொல்லிவிட்டார் கைடு.

என் வகுப்பு நண்பன் ரஷீத்தின் வீடு பல்லாவரத்தில், ஏரிக்குப் பக்கத்தில். ஊர்க் கழிவையெல்லாம் அதில் விட்டுவிட்டு, ஏரிக்கரையில் குடியிருப்பவர்களைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறார்கள் கனவான்கள். வெள்ளிக்கிழமை சேற்றை அவன் வீட்டில் கொதிக்க வைத்தோம். மீத்தேன் விடும் கிருமிகள் சாகும், நமக்கு வேண்டியவை தாங்கும்.

"பிரியாணி சட்டியிலயாடா?" என்று அவன் அம்மா எங்களைச் சட்டியோடு வெளியே துரத்தினார்.

ஆறியதும் பாக்டீரியாவுக்குத் தீனியாகக் கஞ்சி கலந்து, சோடா பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி இறுக மூடினோம்.

சனிக்கிழமை காலை 11.20 மின்சார ரயில். டிக்கெட் நான்கு ரூபாய். குரோம்பேட்டை தாண்டும்போது பாட்டில் உப்பிக் கல்லாகிவிட்டது. மூடியோரம் 'உஸ்' என்றது.

"இன்னா தம்பி, பாம்மா?" என்றார் எதிரே இருந்தவர்.

"சேறு அண்ணா."

"நாத்தம் தாங்கல. தொறந்து ஊத்து, இல்ல எறங்கு."

"தொறந்தா செத்துரும் அண்ணா."

"இன்னா சாவும்?"

"எங்க டிகிரி" என்றான் ரஷீத்.

பெட்டியே சிரித்தது. ஆனாலும் சானடோரியத்தில் இறக்கிவிட்டார்கள். தண்டவாளத்தோரம் வழிநெடுக ஓடிய சாக்கடையை மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் இறங்கியதும் எதிரே இருந்தவரே பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தி என்னிடம் கொடுத்தார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் அரை மணி நேரம் வெயிலில் நடந்து, தாம்பரத்தில் கல்லூரி ஆய்வகத்துக்குள் நுழைந்தோம். மூடியில் ஊசி குத்தி, வாயுவைக் காஸ்டிக் சோடா கரைசல் வழியே விட்டோம். கார்பன் டை ஆக்சைடு அங்கேயே நின்றது. மிச்சத்தைச் சோதனைக் குழாயில் பிடித்துத் தீக்குச்சி காட்டினேன்.

டப்! ஹைட்ரஜனேதான்.

கைடு கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொரு தடவை கொளுத்துப்பா."

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: சேற்றை ஆழத்தில் எடுங்கள். மூடியிலிருந்து ஒரு குழாயைத் தண்ணீர் டப்பாவுக்குள் விடுங்கள், வாயு வெளியேறும், காற்று உள்ளே வராது. எங்களுக்கு அது தோன்றவில்லை. கூட்ட ரயில் வேண்டவே வேண்டாம்.

மாலையில் சட்டியைத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

"அந்த கேஸுல அடுப்பு எரியுமாடா?" என்றார் ரஷீத்தின் அம்மா.

"எரியும்மா. ஆனா இப்போதைக்கு ஒரு டீக்குக்கூடப் பத்தாது."

சட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பித் திணித்தார். "பத்துற வரைக்கும் நீங்களே வெச்சுக்கோங்க."