இடப்பக்கச் சுற்று

ஆராயி ஓட்டத்தை விட்டதற்கு ஊரில் ஒரு காரணம் சொல்வார்கள். ரொம்ப நாள் நானும் அதையே நம்பினேன். நம்பியதால் அவள் மேல் கோபமாகவும் இருந்தேன். மூன்று வருஷம் தொடர்ந்து மாநிலத்தில் முதலாவதாக வந்தவள், டெல்லியில் ஆசியப் போட்டி நடக்கப்போகிற வருஷமாகப் பார்த்து, போதும் என்று உட்கார்ந்துவிட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? நான் வேதா. ஆறாம் வகுப்பிலிருந்து பெஞ்சில் அவளுக்குப் பக்கத்து இடம். நானும் ஓடினேன். ஆனால் அவள் ஓடியதற்குப் பேர் ஓட்டம் என்றால், நான் ஓடியதற்கு வேறு பேர்தான் தேட வேண்டும்.

அவளுக்கு ஊர் அடி அண்ணாமலை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிற அப்பாசாமிக்கு ஒரே பெண். அப்பாசாமிக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மலையைச் சுற்றும்போது மலை நமக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிரிவலம் போகிறவர்கள் அப்படிப் போவார்கள். மற்ற நாளில் வேலைக்கும் கடைக்கும் எந்தப் பக்கம் கிட்டமோ அந்தப் பக்கம் போய் வருவார்கள். அப்பாசாமி அப்படி இல்லை. மூட்டை ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வண்டி கட்டினால், வடக்கு வழியாகப் போய், செங்கம் ரோடு வழியாகத் திரும்புவார். மாடு நாக்குத் தள்ளினாலும் சரி, வந்த வழியே திரும்ப மாட்டார். பெண்ணுக்கும் அதே சட்டம். காலையில் வடக்கே குபேர லிங்கம் பக்கமாகப் பள்ளிக்கூடத்துக்கு வருவாள். சாயங்காலம் தெற்கே ரமணாசிரமத்தைத் தாண்டி, மலையின் மீதிப் பாதியையும் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாள். இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்றால் ஓடித்தான் ஆக வேண்டும். அவள் ஓட்டக்காரி ஆனது அப்படித்தான். அவள் அப்பன் அதற்காக ஒரு நாளும் பெருமை அடித்துக்கொண்டதில்லை.

எழுபத்து நாலிலோ அஞ்சிலோ வேலூரில் ஜில்லாப் போட்டி. ஆதிலட்சுமி டீச்சர் எங்கள் விளையாட்டு டீச்சராக வந்த புதிது. எங்களையெல்லாம் பஸ்ஸில் அழைத்துப் போனார். அதுவரை எங்கள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் யாரும் சொல்லாமலே வலப்பக்கமாகத்தான் சுற்றி ஓடுவோம். வேலூரில் சுண்ணாம்புக் கோடு போட்ட வட்டத்தில் எல்லாப் பெண்களும் ஒரு பக்கம் பார்த்து நிற்க, ஆராயி மட்டும் அவர்களுக்கு முகம் காட்டி நின்றாள். விசில் வைத்திருந்தவர் வந்து, "ஏம்மா, வீட்டுக்குப் போறியா?" என்று கேட்டு, தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஓடும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் கோட்டை விட்டு வெளியே வெளியே போனாள். ஐந்தாவதாக வந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது, திரும்புகிற இடத்தில் யாரோ தள்ளுவது மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

உலகம் முழுக்க மைதானத்தில் இடப்பக்கமாகத்தான் ஓடுகிறார்கள், இவளும் அப்படிப் பழக வேண்டும், தினம் மலையை இடப்பக்கமாக விட்டு ஓடட்டும் என்று சொல்வதற்கு டீச்சர் அவள் வீட்டுக்கே போனார். துணைக்கு நானும் போனேன். அப்பாசாமி மரியாதையாகக் கட்டிலைப் போட்டு உட்கார வைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"டீச்சரம்மா, எடப்பக்கமா சுத்துறது ஒரே ஒரு எடத்துல தாங்க. கொள்ளி வைக்கிறவன் பானையத் தூக்கினு பொணத்தச் சுத்துவான். உலகம் பூரா அப்பிடித்தான் சுத்துறாங்கன்னா, அங்கெல்லாம் யாரு செத்துட்டாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கடைசியில் வழி கண்டுபிடித்தது ஆராயியின் அம்மா உண்ணாமலை. மலைதானே கூடாது, சாமி இல்லாத இடமாகப் பார்த்துச் சுற்றட்டுமே என்றார். இந்த ஊரில் சாமி இல்லாத இடத்துக்கு எங்கே போவது? தேடித் தேடி ஊருக்கு மேற்கே வறண்டு கிடந்த ஏரியைப் பிடித்தார்கள். ஏரிக்குள் நாலு பக்கமும் குச்சி நட்டு, அதைச் சுற்றி இடப்பக்கமாக ஓடினாள். மழை பொய்த்த வருஷங்கள் ஊருக்குக் கேடு. ஆராயிக்கு மட்டும் அது மைதானம்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். எழுபத்தெட்டில் சென்னையில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் முதல். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் அவள்தான். ஓட்டத்துக்காகவே டவுனில் ஒரு அரசாங்க ஆபீசில் வேலை கொடுத்தார்கள். தேரடித் தெருவில் அவள் படம் போட்ட தட்டி கட்டினார்கள். அப்பாசாமி ஒரு தடவை சென்னைக்கு வந்து பார்த்தார். பெண் ஜெயித்ததும் எங்கள் எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார். நடுவில் வெறும் புல்லுதான் இருக்கிறது, எந்தப் பக்கம் சுற்றினால் என்ன என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கும்.

எண்பத்தொன்றில் நல்ல மழை. ஐப்பசியிலேயே ஏரி ரொம்பிவிட்டது. ஊரே பூசை போட்டுக் கொண்டாடியது. ஆராயி கரை மேல் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசியப் போட்டிக்கு ஆள் எடுக்கிற தேர்வு தை மாசம் பெங்களூரில். பள்ளி மைதானம் சேறு. இத்தனை வருஷம் கால் பழகிய பழக்கத்தை இப்போது விடக்கூடாது, அடி அண்ணாமலையிலிருந்து ஆசிரமம் வரை மலையை இடப்பக்கம் விட்டு ஓடினால் ரோடு முழுக்க இடப்பக்கமாகவே திரும்பும் என்றார் டீச்சர். கையில் ஒரு ஸ்டாப் வாட்சையும் கொடுத்தார். அந்த வளைவில் என்ன பெரிய பழக்கம் வந்துவிடும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. டீச்சர் சொன்னார், இவள் செய்தாள். ஏரிக்கரை மேல் ஓடப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டாள்.

மார்கழியில் அப்பாசாமி தினமும் விடியற்காலையில் மலை சுற்றுவார். இவள் புறப்படுவதற்கு வெகு முன்னாலேயே அவர் வடக்கே போயிருப்பார். ஆனால் ஒரே வட்டத்தில் எதிரும் புதிருமாகப் போகிற இரண்டு பேர் எங்கேயாவது சந்தித்துத்தானே ஆக வேண்டும்? கொஞ்ச நாள் அவரைத் தூரத்தில் பார்த்ததும் மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். இதை அவளே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஒரு நாள் காலை, மலைக்குத் தென்மேற்கே நிருதி லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் அப்பாசாமி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்தவர்கள் தொட்டுப் பார்த்தபோது உயிர் இல்லை. அந்த நேரம் ஆராயி டவுனில் டீச்சர் வீட்டில் இருந்தாள். அன்றைக்கு அவள் ஓடிய நேரத்தைப் பார்த்து டீச்சர் சந்தோஷத்தில் காப்பி போட்டுக் கொடுத்தாராம். பஸ் பிடித்து ஊருக்குப் போனபோதுதான் வீட்டு முன்னால் கூட்டத்தைப் பார்த்திருக்கிறாள்.

பூக்காரி தனம் அன்று காலை பூக்கூடையோடு அந்த ரோட்டில்தான் நடந்திருக்கிறாள். ஆராயி எதிர்ப்பக்கமாக ஓடி வந்ததைப் பார்த்ததாக அவள் சொல்ல, அது நெருப்பாகப் பற்றிக்கொண்டது. ஆண்பிள்ளை இல்லாத வீடு, பங்காளி மகன் சடையன் கொள்ளிப் பானையைத் தூக்கினான். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போன பிறகு, பொண்ணுதான் முன்னாடியே அப்பனுக்கு எடப்பக்கமா ஒரு சுத்து சுத்தி வச்சிட்டாளே என்று தனம் சொன்னது என் காதிலேயே விழுந்தது. சாவு வீடு என்றும் பார்க்காமல் தனத்தோடு சண்டைக்கு நின்றேன். அந்த மனுஷனுக்கு இரண்டு வருஷமாக நெஞ்சு வலி. பீடியை விடச் சொல்லி டாக்டர் சொன்னது ஊருக்கே தெரியும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆராயி சுவரோரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

காரியம் முடிந்த பிறகு டீச்சரும் நானும் போனோம். பெங்களூர்த் தேர்வுக்கு இன்னும் நாள் இருந்தது. எங்களைப் பார்த்ததும் ஆராயி உள்ளே போய், பேப்பரில் சுற்றிய ஸ்பைக் ஷூவையும் வாட்சையும் கொண்டு வந்து டீச்சர் முன்னால் வைத்தாள்.

"வேற பொண்ணு யாருக்குனா குடுத்துடுங்க டீச்சர். இனிமே நான் போட்டிக்கு ஓடல."

டீச்சர் கெஞ்சினார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். உங்கப்பா இருந்திருந்தால் போகத்தான் சொல்லியிருப்பார் என்றார். அன்றைக்கு வந்த டைமை நினைத்துப் பார், அந்த டைமுக்கு இந்தியாவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றார். அதைக் கேட்டதும் ஆராயி எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் விடவில்லை, பின்னாலேயே போய்க் கத்தினேன். படித்தவள்தானே, பூக்காரி பேச்சைக் கேட்டா வாழ்க்கையைத் தொலைப்பாய், மலை சுற்றினால் மனுஷன் சாவானா என்றேன். தானிய மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓய்ந்ததும், சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் கார்த்திகையில் டெல்லியில் போட்டி நடந்தது. என் புருஷன் வீட்டு ரேடியோவில் அந்த ஓட்டத்தைக் கேட்க உட்கார்ந்து, பாதியில் அணைத்துவிட்டேன். வெறும் மூடநம்பிக்கைக்கு இப்படிப்பட்ட கால்களைக் காவு கொடுத்துவிட்டாளே என்று வயிறு எரிந்தது. அவளைக் கடைத்தெருவில் பார்த்தாலும் பேசாமல் போவேன். அவள் ஆபீசுக்குப் போனாள், அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பவுர்ணமி தவறாமல் மலை சுற்றினாள். ஓட்டக்காரியின் நடை இல்லை, ஆமை நடை. தோளில் ஒரு தண்ணீர்க் கேன் தொங்கும். வழியில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் பக்கத்தில் போய்க் குனிந்து, என்ன செய்கிறது என்று கேட்பாள். வெற்றிலை போட உட்கார்ந்தவர்களைக்கூட விடமாட்டாள். நாங்கள் மறுபடி பேச ஆரம்பித்த பிறகு, கழுத்தில் ஆஸ்பத்திரி போர்டு மாட்டிக்கொள்ளேன் என்று கேலி செய்திருக்கிறேன். அவள் சிரிப்பாள்.

எண்பத்தாறில், இரண்டாவது குழந்தைக்கு நான் ஐந்து மாசம். மாமியார் வேண்டுதல், ஒரு பவுர்ணமிக்கு மலை சுற்றியே ஆக வேண்டும். ஆராயி துணைக்கு வந்தாள். இப்போது மாதிரி அப்போது கூட்டம் கிடையாது, இருந்தாலும் பவுர்ணமிக்கு ரோட்டில் ஆள் இருக்கும். வெளிச்சம் இறங்குகிற நேரத்தில் வருண லிங்கத்தைத் தாண்டியபோது எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவள் முன்னால் ஒரு கிழவரிடம் பேசிக்கொண்டே ரொம்ப தூரம் போயிருந்தாள். நான் ஒரு கல் மேல் உட்கார்ந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். நீ போ, நான் வருகிறேன் என்று கையைத் தூக்கிக் காட்டினேன்.

அவள் ஓடி வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, முழங்கையை மடக்கி, அந்தப் பழைய ஓட்டம். மலையை இடப்பக்கம் விட்டு, வருகிறவர்களுக்கு எதிரே. எதிர்ல வராதம்மா என்று யாரோ கத்தினார்கள். அவள் காதில் விழவே இல்லை. அஞ்சு வருஷத்துக்குப் பிறகு அவள் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். வந்ததும் என் நெஞ்சில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

கால்தான் பிடித்துக்கொண்டது, வேறொன்றும் இல்லை என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பின்ன கைய எதுக்குத் தூக்குன?"

"நீ போ, நான் வரேன்னு சொன்னேன்."

அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கேனைத் திறந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நைனாவும் கைய தூக்குனாரு வேதா. அன்னிக்கு நிருதி லிங்கத்தாண்ட. மரத்துல சாஞ்சினு ஒக்காந்துனு இருந்தாரு. என்னப் பாத்துட்டாரு. எடப்பக்கமா ஓடறேன்னு திட்டத்தான் கூப்புடறாருனு நெனச்சேன். தலைய குனிஞ்சினு இன்னும் வேகமா ஓடிட்டேன்."

தனம் பேசியதை அவள் ஏன் மறுக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஊர் சொன்ன பழியைச் சுமப்பது அவளுக்கு இதைவிட லேசாக இருந்திருக்கிறது. அதை நம்பினாள் என்று நினைத்துக் கத்திய வாய் என்னுடையது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நின்றிருந்தாலும் அவர் பிழைத்திருப்பார் என்று யார் சொல்ல முடியும் என்றேன்.

"அது எனக்கும் தெரியும். அந்த டைமு வந்துதில்ல, டீச்சர்கூட சொன்னாங்களே. அதுக்கு முன்ன நான் அப்பிடி ஓடுனதே இல்ல. அவரப் பாத்த பயத்துல வந்த டைமு அது."

கால் சரியானதும் எழுந்து நடந்தோம். மீதி தூரம் முழுக்க அவள் என் கையை விடவில்லை.