சந்தனம் மறைத்த ஆண்டு

சாரம் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாயிலில், இது பசுமைக் கட்டடம் என்று சான்றளிக்கும் பித்தளைப் பலகை ஒன்று இருந்தது. ஆயுத பூசைதோறும் அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமம் இடுவார்கள். சென்ற ஆண்டு அந்தச் சந்தனம் காய்ந்து உதிர்ந்து, அடியில் பொறித்திருந்த ஆண்டு தெரிந்தபோதுதான், சான்று செல்லுபடியாகும் மூன்றாண்டுக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதைக் கண்டேன்.

புதுப்பிக்க வேண்டும் என்றதும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சிரித்தார். "இன்னா சார் நீங்க! பட்டம் வாங்கனவன் மறுபடியும் பரீட்சையா எழுதறான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சான்றைப் புதுப்பிக்க வேண்டுமானால், கட்டடம் இன்றும் நீரையும் மின்சாரத்தையும் சிக்கனமாகவே செலவிடுகிறது என்று மெய்ப்பிக்க வேண்டும். ஆய்வாளரும் நேரில் வருவார். எங்கள் மழைநீர்க் குழியோ செயலாளரின் கார் நிற்பதற்காகச் சிமெண்டு பூசி மூடப்பட்டிருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரும் உவர்க்கத் தொடங்கியிருந்தது.

ஆய்வாளர் வரும் நாளுக்கு மட்டும் பூந்தொட்டிகளை வாடகைக்கு எடுக்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் செயலாளர் கூசாமல் சொன்னார். கீழ்த்தள வீட்டு அம்மையார் எழுந்துவிட்டார்.

"எங்க ஊட்ல கொழம்புக்கு உப்பே போடறதில்ல, தண்ணியே போதும். நீங்க பூந்தொட்டி வெச்சி யாரு கண்ண மறைக்கறீங்க? மொதல்ல காரை எடுங்க சார்!"

அவை அதிரச் சிரித்தது. அந்த வாரமே சிமெண்டை உடைத்துக் குழியைத் திறந்தோம். புதுச் சான்று கிடைக்கும்வரை பலகை வாயிலில் இருத்தலாகாது என்று நானே நின்று கழற்றுவித்தேன்.

இவ்வாண்டு ஆயுத பூசையன்று செயலாளர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். புதுச் சான்று இன்னும் வந்திருக்கவில்லை. வெறுஞ்சுவரைப் பார்த்துவிட்டு, தெருவில் நின்ற தம் காருக்கு மட்டும் பொட்டு வைத்துத் திரும்பினார்.